செலிமின் படங்களில் குடையோடு நின்றவர்

வெளிநாடு போகிறேன் என்று கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டவன் நான். தூத்துக்குடியில் வந்து இறங்கினால் ரிக்‌ஷாக்காரர், லாட்ஜ் மேனேஜர், வாழைப்பழக் கடைக்காரர் எல்லாரும் தமிழிலேயே பேசுகிறார்கள். போதாக்குறைக்கு என் கொழும்புத் தமிழைக் கேட்டுச் சிரிக்கவும் செய்கிறார்கள். வெளிநாடு என்றால் அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

என்னோடு வந்த செலிமுக்குத்தான் அது நிஜமான வெளிநாடு. அவர் இஸ்தான்புல்காரர். தெருவிலும் துறைமுகத்திலும் அலைந்து படம் எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுப்பது தொழில். ஐரோப்பியப் பத்திரிகை ஒன்று முத்துக்குளிப்பைப் படமெடுத்து வரச் சொல்லியிருந்தது. வழியில் கொழும்பில் தங்கியவர், நான் வேலை பார்த்த பத்திரிகையின் இருட்டறைக்கு வந்து தன் பிலிம் ரோல்களைக் கழுவித்தரச் சொன்னார். நான் கழுவுவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். மறுநாள் என் ஆசிரியரிடம் போய் என்னை இரவல் கேட்டார்.

"படம் கழுவ ஒருவர், தமிழ் பேச ஒருவர் என்று இரண்டு ஆளுக்கு எங்கே போவேன்? இவர் இரண்டும் செய்வார்" என்றாராம். ஆசிரியரும் குடையை இரவல் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டார். என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். வரும்போது தூத்துக்குடி மக்ரூன் வாங்கி வர வேண்டும், நொறுங்காமல்.

லாட்ஜில் பெட்டியை வைத்ததும் மேனேஜரிடம் முத்துக்குளிப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"முத்துக்குளியா? அது நின்னு வருசக்கணக்காச்சே அண்ணாச்சி. முத்து வேணும்னா நகைக்கடையில போய்ப் பாருங்க. இப்ப சங்குதான் குளிக்காவ."

கடல் தாண்டி வந்து இதையா கேட்க வேண்டும்? செலிமிடம் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் போகிற மனிதர்தானே எனக்கு வேண்டும்? அவர் கையில் முத்து வருகிறதா சங்கு வருகிறதா என்பது பத்திரிகையின் கவலை" என்றார்.

செலிமுக்குக் காலையில் எழுந்ததும் பால் இல்லாத தேநீர் வேண்டும். எனக்கும் வீட்டுப் பிளேன்டீ நினைவு. டீக்கடையில் இரண்டு டீ, பால் வேண்டாம் என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பால் இல்லாமலா? வயித்தால போவுதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. கேட்காமலே எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். மறுநாள் நாங்கள் போனதும் முதலில் உடம்பைத்தான் விசாரித்தார்.

அந்தக் கடை பெஞ்சில்தான் செலிம் வேலை செய்கிற விதத்தை முதலில் பார்த்தேன். கேமராவைக் கண்டதும் தெருவே எங்கள் முன்னால் வந்து நின்றது. மூட்டை இறக்குபவர் தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டார். தபால்காரர் சட்டைப் பித்தானைப் போட்டார். எல்லாரும் கையை ஒட்டி வைத்துக்கொண்டு ஆணி அடித்தது போல நின்றார்கள். செலிம் கேமராவைத் தொடவே இல்லை. டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் அலுத்துப்போய் "இந்தாளு சும்மா வச்சிருக்காருல" என்று திரும்பியபோதுதான் நாலைந்து முறை பொத்தான் சத்தம் கேட்டது.

"கேட்டு எடுத்தால் என்ன?" என்றேன்.

"அந்த வேலையை ஒரு காலத்தில் வயிறு காயக் காயச் செய்தவன் நான்" என்றார். அப்பா படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர். மகனுக்கு அவரால் வாங்கிக் கொடுக்க முடிந்தது ஒரு பழைய மரப்பெட்டி கேமரா மட்டும். செலிம் அதை முக்காலியில் வைத்து, பின்னால் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி, நீதிமன்ற வாசலில் உட்கார்ந்துவிட்டார். அடையாளச் சீட்டுக்குப் படம் தேவைப்படும் கிராமத்து ஆட்கள்தான் வாடிக்கை. மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு லென்ஸின் மூடியைக் கழற்ற வேண்டும்; அசைந்தால் முகம் கலைந்துவிடும். மூடியைத் திரும்பப் போட்டதும் மூச்சு விடலாம். நாள் முழுக்கப் பயந்த முகங்கள். ஒரு நாள் கப்பல்காரர் ஒருவரிடம் சின்ன கேமரா ஒன்றை வாங்கினார். சுமைதூக்குபவர்கள் பியானோ ஒன்றைப் படிக்கட்டில் முதுகில் ஏற்றிப் போவதை அதில் எடுத்தார். ஒரு செய்தித்தாள் அதைப் போட்டது. அன்றோடு வெள்ளைத் துணியைச் சுருட்டிவிட்டார்.

"இனி யாரையும் நில் என்று சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்" என்றார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. கேட்காமல் எடுத்ததற்கு ஒரு கசாப்புக்கடைக்காரர் கொடுத்த பரிசு அது.

முதல் ரோல்களை லாட்ஜ் குளியலறையில் கழுவினேன். ஜன்னலுக்குப் போர்வை, கதவிடுக்குக்குத் துண்டு, எல்லாம் சரிதான். தண்ணீர்தான் காலை வாரிவிட்டது. லாட்ஜ் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பிலிம் காய்ந்ததும் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. இருட்டறையில் நான் பட்ட அவமானங்களில் அதற்கு முதலிடம் கொடுக்கலாம். மேனேஜர் ஆறுதல் சொன்னார். "நல்ல தண்ணி ஸ்ரீவைகுண்டத்துல இருந்து குழாயில வரணும். வந்தா உண்டு. நம்ம குசினிக்குப் பிலோமிதான் கொண்டாந்து ஊத்துவா. சொல்லி விடுதேன்."

மறுநாள் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகப் பிலோமி வந்தார். முப்பது வயது இருக்கலாம். இரண்டு குடத்தையும் குளியலறையில் இறக்கிவிட்டு, கயிற்றில் தொங்கிய பிலிம்களைப் பார்த்தார். "இதக் கழுவவா இம்புட்டுத் தண்ணி? எங்க தெருவுல ஒரு குடத்துக்குத் தலமுடியப் பிடிச்சிச் சண்ட நடக்கு" என்றார். பாராட்டா திட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை.

செலிம் தன் பையிலிருந்து இஸ்தான்புல் படங்களை எடுத்துக் காட்டினார். அந்நிய ஊரில் பாஸ்போர்ட்டைவிட அவைதான் உதவும் என்பார். கரி சுமப்பவர்கள், பனியில் நடக்கும் குதிரை வண்டி, இடிபடும் மரவீட்டின் மாடியில் பயமில்லாமல் உட்கார்ந்து காபி குடிக்கும் கிழவர். பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நின்று தூண்டில் போடுகிறவர்களின் படத்தைப் பிலோமி நெடுநேரம் பார்த்தார்.

"பாலத்துல நின்னா மீன் பிடிக்காவ? பாவம், வள்ளம் இல்ல போல" என்றார். நான் மொழிபெயர்த்ததும் செலிம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிலோமியின் கணவர் லாசர் சங்கு குளிப்பவர். அவருடைய வள்ளத்தில் எங்களை ஏற்றிக்கொள்வாரா என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஏத்திக்கிடுவாவ. ஆனா நீங்க எனக்கு ஒரு காரியம் செய்யணும். அவருக்குக் கயிறு எப்படிப் பிடிக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லணும்."

பிறகுதான் விவரம் தெரிந்தது. குளிக்கிறவர் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாகக் கடலடிக்குப் போவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவரின் உயிர் அந்தக் கையில். அதனால் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். தங்கையின் தாலிக்குக் கேடு வர எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற கணக்கு. லாசருக்குப் பிலோமியின் அண்ணன் சூசைதான் கல்யாணமான நாளிலிருந்து கயிறு பிடித்தார். சில மாதங்களுக்கு முன் நடுக்கடலில் இருவருக்கும் ஏதோ பேச்சு முற்றிவிட்டது. சூசை கரைக்கு வந்ததும் இறங்கிப் போனவர்தான். பிறகு வள்ளத்தில் ஏறவில்லை. லாசர் பிலோமியிடம் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"என்ன சண்டன்னு ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்காவ. இப்ப கூலிக்கு ஒருத்தன் பிடிக்கான். போன வாரம் இவருக்கு மூக்குல ரத்தம் வந்துட்டு. கேட்டா ஒண்ணுமில்லங்காவ. எனக்கு ராத்திரி கண்ணு மூட முடியல அண்ணாச்சி."

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செலிமிடம் சொன்னேன். அவர் தலையாட்டியதோடு சரி. அவர் மனம் அப்போதே கடற்கரைக்குப் போயிருந்தது.

வள்ளங்கள் புறப்படும் விடியற்காலையிலும் கரை திரும்பும் மதியத்திலும் செலிம் கரையில்தான் இருப்பார். நாலு நாள் அப்படி எடுத்தார். அவருக்கு ஒரே எரிச்சல், ஒரு குடைக்காரர். கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, படகு இழுக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்பார். எந்தப் பக்கம் திரும்பி எடுத்தாலும் ஒரு மூலையில் அந்தக் குடை வந்துவிடும். "மழையும் இல்லை, பெரிய வெயிலும் இல்லை. அவருக்கு இங்கே என்ன வேலை? கொஞ்சம் விலகச் சொல்" என்றார். யாரையும் நில் என்று சொல்லாதவர் ஒருவரை நகரச் சொன்னது அன்றுதான். நான் போய்ப் பணிவாகச் சொன்னேன். அவர் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அங்கேயும் படத்துக்குள் விழுந்தார்.

ஒரு நாள் உப்பளம் பார்க்க வாடகை சைக்கிளில் போனோம். நான் மிதிக்க, செலிம் பின்னால் கேரியரில். என் உடம்புக்கு அவர் உடம்பு இரண்டு பங்கு. வரப்பில் போகும்போது அவர் எதையோ கண்டுவிட்டுத் திரும்பினார். சைக்கிள், நான், அவர் மூவரும் பாத்திக்குள் விழுந்தோம். உப்புநீரில் இடுப்புவரை உட்கார்ந்தபடி கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார் மனிதர். அங்கே வேலை செய்த பெண்கள் வந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். செலிம் எழுவதற்கு முன்பே அவர்களைப் படம் எடுத்துவிட்டார். பத்திரிகை பிற்பாடு வெளியிட்டது அந்த உப்பளப் படங்களைத்தான். சங்குப் படங்கள் ஒன்றுகூட வரவில்லை.

லாசரின் வள்ளத்தில் போன நாளைப் பற்றி நான் எழுத அதிகமில்லை. லாசர் கறுத்து இறுகிய ஆள். "வாங்க" என்று ஒரு சொல், அவ்வளவுதான். கடலோடிகளின் ஊரில் பிறந்தும் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கரை மறைவதற்குள் முதல் நாள் தின்ற புரோட்டாவும் சால்னாவும் வெளியே வந்துவிட்டன. பிறகு நான் அடிப்பலகையில் குப்புறக் கிடந்தேன். செலிம் போஸ்பரஸ் நீரிணைப் படகிலேயே வளர்ந்தவர். என்னைத் தாண்டித் தாண்டி நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிலோமி குடத்தோடு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கயிறு?"

"நான் பார்த்ததெல்லாம் அடிப்பலகையைத்தான் அம்மா" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று நல்ல தண்ணீர் இருந்ததால் எல்லா ரோல்களையும் கழுவிக் காயவைத்து, காண்டாக்ட் ஷீட் போட்டேன். ஒரு ரோலின் படங்கள் அத்தனையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் வரிசையாக விழும். எதைப் பெரிதாக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். கட்டிலில் பரப்பி வைத்திருந்தேன். செலிம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பிலோமி சாயங்காலத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க வீட்டு ஆளு இருக்காவளா இதுல?"

செலிம் கண்ணாடியை நீட்டி வள்ளத்துப் படங்களைக் காட்டினார். பிலோமி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். நானும் பார்த்தேன். கூலிக்கு வந்த ஆள் இரண்டு கையையும் குவித்துப் பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். கயிறு அவன் கால் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. அந்தக் கயிறு வள்ளத்தின் விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்குகிறது. லாசர் படத்தில் இல்லை. கீழே இருக்கிறார்.

செலிமுக்கு அது அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த படம். சிவப்புப் பென்சிலால் வட்டம் வேறு போட்டிருந்தார். பிலோமி அந்த வட்டத்தை விரலால் தொட்டார்.

"கால் வெரல்ல" என்றார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். செலிம் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவர் சுமந்து வந்த தண்ணீர்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் பக்கத்தில் கிடந்த கரைப் படங்களின் தாளைப் பார்த்தார். பார்த்தவர் குனிந்தார். பூதக்கண்ணாடியைத் திரும்ப வாங்கினார்.

"இது எங்க அண்ணனுக்க குடைலா?"

எது என்றேன். செலிம் திட்டித் தீர்த்த அந்தக் குடை. கண்ணாடிக்குள் பார்த்தால் கறுப்புத் துணியில் வெளுத்த நிறத்தில் ஒரு ஒட்டு தெரிந்தது. "ஒட்டு நான் போட்டது. காய்ச்சல் வந்ததுல இருந்து அண்ணனுக்குப் பனியும் ஆகாது, வெயிலும் ஆகாது" என்றார் பிலோமி. பிறகு ஒவ்வொரு படத்திலும் அதைத் தேடினார். முதல் நாள் புறப்பாட்டில் வலது மூலை. திரும்பி வந்தபோது இடது மூலை. மறுநாள், அதற்கு மறுநாள். லாசரின் வள்ளம் போகும்போது குடை நிற்கிறது. வந்து சேரும்போதும் நிற்கிறது. முகம் எப்போதும் வள்ளத்தின் பக்கம்.

"சண்ட போட்டுட்டு தினமும் வந்து நின்னுருக்கான் பாவி" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவருக்கு.

நான் செலிமிடம் விளக்கினேன். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நான்கு நாளும் இந்த மனிதர்தான் என் முன்னால் இருந்திருக்கிறார். நான் அவரை வெட்டி எறிய நினைத்தேன்" என்றார். தலையைச் சொறிந்துகொண்டார்.

பிலோமிக்கு இரண்டு படம் வேண்டும், பெரிதாக. ஒன்று கால்விரல் கயிறு. இன்னொன்று குடை மட்டும். மூலையிலிருக்கும் ஒரு துண்டைப் பெரிதாக்கினால் பொரிபொரியாகத்தான் வரும், அது படமே ஆகாது என்று செலிம் முதலில் முனகினார். "அவருக்குப் படமா வேண்டும்? அண்ணன்தான் வேண்டும்" என்றேன். சரி போ என்றார்.

உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றில் கெஞ்சி இருட்டறையைக் கேட்டு வாங்கினேன். அங்கிருந்த அண்ணாச்சி நான் பெரிதாக்குவதை எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னால வள்ளம் இம்புட்டு அழகா இருக்கு. அத விட்டுட்டு மூலையில நிக்கவர எதுக்கு எடுக்கிய?" என்று கேட்டார். கொழும்பில் இப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

படங்களைக் கையில் வாங்கியதும் பிலோமி பங்கு பிரித்தார். "குடைய நான் அவருகிட்ட காட்டுதேன். கயிறு படத்த நீங்க எங்க அண்ணன்ட்ட கொண்டு போங்க. நாந்தான் அங்கன போகக்கூடாது. உங்களுக்கு என்ன?"

சூசையின் வீடு கடற்கரைக்குப் பக்கத்தில். மெலிந்த மனிதர், லாசரைவிட மூத்தவர். கருப்பட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், "இப்ப எங்கன தள்ளி நிக்கணும்?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்துவிட்டுப் படத்தை நீட்டினேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்தப் பய இவன்?"

"கூலிக்கு வந்தவர்."

படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கீழ என்ன நடக்குன்னு மேல இருக்கவனுக்கு எப்படித் தெரியும்? அவன் முங்குனதும் நானும் மூச்சப் பிடிச்சுக்கிடுவேன். எனக்கு முட்டுனா அவனுக்கும் முட்டும்னு இழுப்பேன். இத்தன வருசமும் ஒருநாளும் பெசகுனதில்ல. காய்ச்சல் வந்துட்டுப் போன பொறவு எனக்கு மூச்சு கொறஞ்சு போச்சு. அன்னைக்குச் சீக்கிரமே முட்டிட்டு. இழுத்துட்டேன். நல்ல சங்கு ஒண்ணுல கைய வச்ச நேரமாம் அவனுக்கு. மேல வந்து எல்லாரு முன்னாலயும் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டான்."

"மூச்சுக் குறைந்துபோனதை அவரிடம் சொல்லியிருக்கலாமே?"

"சீக்காளின்னு சொல்லிட்டு எப்படிக் கயிறப் பிடிக்கது? நீங்களும் சொல்லிராதிய." படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

பிலோமி வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். லாசர் குடைப் படத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாராம். சீலா மீன் குழம்பு. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாராம். தின்னவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நாங்கள் கரைக்குப் போனோம். பிலோமி எங்களுக்கு முன்பே வந்து மணலில் நின்றிருந்தார். லாசரின் வள்ளத்தில், கயிறு பிடிப்பவர் உட்காரும் இடத்தில் சூசை உட்கார்ந்திருந்தார். குடையைச் சுருக்கிப் பலகைக்கு அடியில் வைத்திருந்தார். கூலிக்காரர் கரையில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

லாசர் வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டார். எல்லாரும் வேறு எங்கோ பார்ப்பது போல இருந்தோம்.

"குடைய எதுக்குக் கொண்டாந்த? காத்துல போயிரும்" என்றார்.

"போனா போவட்டும். என் குடைதான" என்றார் சூசை.

லாசர் ஏறி உட்கார்ந்தார். பேச்சு அவ்வளவுதான். பிலோமி தலை முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று வயிற்றைக் காயப்போட்டு, வாயில் எலுமிச்சம்பழத்தோடு சூசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போனேன். இந்த முறை பார்க்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம். லாசர் கல்லில் காலை வைத்து இறங்கினார். சூசை வாயை மூடிக்கொண்டார். கயிறு இரண்டு கையிலும். கண் தண்ணீரில். கொஞ்ச நேரத்தில் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது. அதற்கு மேல் தாங்காமல் இழுத்தார். லாசர் மேலே வந்து விளிம்பைப் பிடித்தார். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. கோபமாக எதையோ சொல்ல வாயைத் திறந்தார்.

சூசை விளிம்பில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கடலடியிலிருந்து வந்தவர் அவர்தான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். லாசர் அவரையே பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி கல்லில் காலை வைத்தார். அன்று மற்ற வள்ளங்களைவிட அவர்களுக்குச் சங்கு குறைவு. கரையில் யாரோ அதைச் சொன்னபோது லாசர் காதில் வாங்கவில்லை.

நாங்கள் புறப்பட வேண்டிய நாள் பிலோமி ஒரு கோரிக்கையோடு வந்தார். "ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்க. மூலையில இல்ல, நடுவுல. நேரா நின்னு, கேமராவப் பாத்து."

இதைச் செலிமிடம் சொல்ல எனக்குத் தயக்கம். சொன்னேன். அவர் உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு, "லாட்ஜில் வெள்ளைத் துணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

மேனேஜர் படுக்கை விரிப்பு ஒன்றைக் கொடுத்தார். கடற்கரையில் இரண்டு துடுப்புகளை நட்டு அதைக் கட்டினோம். லாசரும் சூசையும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, நடுவில் ஒரு ஆள் நுழையும் அளவு இடைவெளி விட்டு நின்றார்கள். செலிம் போய் இருவர் தோளையும் பிடித்து ஒன்றோடொன்று இடிக்கும்படி நெருக்கினார். சூசையின் முகவாயை விரலால் நிமிர்த்தினார். லாசரின் காலரைச் சரி செய்தார். அந்தக் கைக்கு எதுவும் மறந்துபோகவில்லை.

திரும்பி வந்து கேமராவை எடுத்தவர் துருக்கி மொழியில் ஏதோ சொன்னார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, "மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்" என்றார்.

"இந்தக் கேமராவுக்கு அது தேவையில்லையே?"

"சொல்."

"மூச்சப் பிடிச்சுக்கிடுங்க" என்றேன்.

இருவரும் பிடித்துக்கொண்டார்கள். செலிமின் கை கேமராவின் முன்பக்கம் போய், அங்கே இல்லாத மூடியைத் தேடியது. பிறகு அவர் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். அழுத்தவில்லை. சூசையின் கழுத்து நரம்பு புடைக்க ஆரம்பித்தது. லாசர் கேமராவைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சூசை தாங்க முடியாமல் மூச்சை விட்டார். அதே நொடியில் லாசரும் விட்டார். பொத்தான் சத்தம் கேட்டது.

"நீ இன்னும் பிடிச்சிருக்கலாம்லா மாப்ள" என்றார் சூசை, இரைக்க இரைக்க.

"எனக்கும் முட்டிட்டு மச்சான்" என்றார் லாசர்.